எழுவாய் இல்லாத வாக்கியம்

சென்னையிலிருந்து சின்னமனூர் வந்த சித்தி மகள் காலில் தோல் லோஃபர். கயிறோ வாரோ இல்லாமல் அப்படியே நுழைத்துக்கொள்கிற பெண்கள் ஷூ. பாரம்பரிய ஆங்கிலேய முறையில் கையால் தைத்தது என்று பெட்டியில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எங்க தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். முகப்புத் தையலைத் தடவிப் பார்த்துட்டு, "கைத்தையல்தான் சார், ரெண்டு ஊசி ஓடியிருக்கு. யாரு தைச்சது?" என்றார். பெட்டியில் அது இல்லை. தமிழ் எம்.ஏ. புத்தி இலக்கணத்துக்குப் போனது. 'கையால் தைத்தது': மூன்றாம் வேற்றுமை இருக்கிறது, எழுவாயைக் காணோம்.

முதலில் 'ஆங்கிலேய மரபு' என்ற சொல்லாடலைப் பிரித்துப் பார்க்கலாம். லோஃபரின் உருவம் நார்வேக் காலணியிலிருந்து வந்தது. 1936-ல் அமெரிக்காவின் பாஸ் நிறுவனம் அதை 'வீஜன்ஸ்' என்று விற்றது. நார்த்தாம்ப்டன் பட்டறைகள் பெருமை பேசும் கூட்யர் வெல்ட் தையல் எந்திரமும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சரக்குதான். அதே நூற்றாண்டில் ஆவாரம்பட்டையில் பதமிட்ட நம் மாட்டுத்தோல் சென்னையிலிருந்து லண்டன் சந்தைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. தோல் விளிம்பினுடையது, பெயர் மையத்தினுடையது.

1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுப் பொருளாக்கி அனுப்பச் சொன்னது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிகள் பெருகின. பெண்கள் பெருந்திரளாக வேலைக்குப் போனார்கள். ஆனால் லோஃபர் முகப்பின் கைத்தையல் நேரம் தின்னும் வேலை. அது கம்பெனிக்கு வெளியே, வீடுகளுக்குப் போனது. இடைத்தரகர் தோலைக் கொடுப்பார், தைத்ததை எண்ணி வாங்குவார். ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், பெங்களூரின் சிவிடெப் முதலிய அமைப்புகள் 2016-ல் வெளியிட்ட அறிக்கை ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்களின் இந்த வேலையைப் பற்றியது. ஜோடிக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி, கழுத்துவலி, தோள்வலி, எந்தப் பதிவேட்டிலும் பேரில்லை. தொலைந்த எழுவாய் அங்கே வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறது.

இது முதலாளியம் மட்டும் செய்த மறைப்பு அல்ல. புறநானூற்றின் 82ஆம் பாட்டில் ஒருவன் கட்டிலுக்கு வார் பின்னுகிறான். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறு, வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. அவன் ஊசியின் வேகம் கிள்ளியின் போருக்கு உவமை. ஊசியைப் புகழும் அந்தப் பாட்டு, ஊசி பிடித்தவனை இழிந்தவன் என்கிறது. நானும் வகுப்பில் உவமைநயம் எழுதி மார்க் வாங்கியவன்தான். அந்த ஒரு சொல் அப்போது உறுத்தவில்லை. ஆம்பூர்ப் பெண்களின் சாதி வேறாகவும் இருக்கலாம். வேலையைக் கொண்டாடி ஆளை அழிக்கும் முறை ஒன்றே.

பெரியவர் தன் மகனுக்கு ஊசியைத் தொடவிடவில்லை. "என்னோட போகட்டும் சார்." 2009-ல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது, பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். தொழிலை விடுவதே அவருக்கு விடுதலை. கைவினை மரபைக் காக்க வேண்டும் என்று கூட்டங்களில் உருகும் நண்பர்களைக் கேட்கிறேன்: காப்பது சரி, யார் பிள்ளையைத் தைக்கச் சொல்லப் போகிறீர்கள்? தைக்கிற பெண்ணுக்குப் பதிவேட்டில் பேரும் சட்டப்படியான கூலியும் வாங்கித் தராமல், அவள் தையலை மட்டும் மெச்சினால் நாமும் அந்தப் புலவரின் வரிசையில்தான் நிற்போம்.