ஆசானின் இருக்கை



நூல் எழுதினால் மட்டும் போதாது. அது அவையேற வேண்டும் என்பது தமிழ் மரபு. நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையிலே, அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதாகப் பாயிரம் கூறும். வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபின் அந்த அவை கலையகத்துக்கு இடம்மாறியது. அங்கே ஆசானின் இருக்கையில் யார் அமர்ந்தார்?

இலங்கை வானொலியில் நாடகத்துக்கு இரு வாசல்கள் இருந்தன. தேசிய சேவையின் வாசலில் தயாரிப்பாளர் நின்றார். 'சானா' எனப்பட்ட எஸ். சண்முகநாதன் அவ்விடத்தில் இருந்ததனால்தான் 'லண்டன் கந்தையா' போன்றவற்றில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழுக்குக் கதவு திறந்தது. வர்த்தக சேவையின் வாசலில் விளம்பரதாரர் நின்றார். சில்லையூர் செல்வராஜன் திரைப்படச் சுவடியாக எழுதிய 'தணியாத தாகம்' மக்கள் வங்கியின் ஆதரவில் வானொலித் தொடராயிற்று. படம்பிடிக்கப் பணம் கிடைக்காத கதைக்கு ஒலிவாங்கி போதுமாயிருந்தது. எஸ். ராமதாசின் 'கோமாளிகள் கும்மாள'மோ வானொலியிலே பெற்ற வரவேற்பினால் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகியது.

1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கியது. வானொலி நாடகத்துக்குக் குரல் இருந்தால் போதும். தொலைக்காட்சிக்குக் கமெராவும் காட்சியமைப்பும் ஒளியும் வேண்டும். செலவு கூடக்கூட வாசல் ஒடுங்கிற்று. அதிலும் தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிது.

அயலிலே நடந்ததும் நமக்குப் பாடமாகும். இந்திய அமைச்சர் வசந்த் சாத்தே 1982இல் மெக்சிக்கோ சென்றபோது, தொடர்நாடகத்தின் மூலம் மக்களுக்கு அறிவூட்டும் முறையைக் கண்டார். அதன் விளைவாக, மனோகர் ஷியாம் ஜோஷி எழுதிய 'ஹம் லோக்' 1984 யூலை 7இல் தூரதர்ஷனில் தொடங்கியது. அரசு அனுமதித்தது; நூடில்ஸ் நிறுவனம் ஆதரவளித்தது. ஆயினும் குடும்பக் கட்டுப்பாட்டுப் போதனை மிகுந்த முதற் பகுதிகளை மக்கள் விரும்பவில்லை. பதின்மூன்று பகுதிகளின் பின் போதனை குறைந்தது, குடும்பக் கதை முன்னே வந்தது. கடிதங்கள் இலட்சக்கணக்கிற் குவிந்தன. தொடர் 156 பகுதிகள் ஓடியது. அமைச்சரும் வணிகரும் ஏற்றதைப் பார்வையாளர் திருத்தி எழுதுவித்தனர்.

1990இன் பின் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் சிறுவனாயிருந்த நான் இதன் இன்னொரு வடிவத்தைக் கண்டேன். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலி நாடகம் கேட்டோம். நாடகம் சலித்தால் சுற்றும் கை நின்றுவிடும். அதைவிடக் கடுமையான அவை உண்டோ?

இன்று கைத்தொலைபேசி வைத்திருப்பவர் எவரும் அனுமதி கேளாமல் நாடகம் வெளியிடலாம். வாசல் அகன்றது நன்றே. ஆனால் அரங்கேற்றம் என்பது அனுமதி மாத்திரமன்று, வினாவும் விடையுமாகும். அதிகாரியும் விளம்பரதாரரும் விலகிய இருக்கையிலே, கேட்டுத் திருத்தும் நேயர் அமராவிட்டால், அவை வெறும் கூட்டமாகிவிடும்.