கிழங்கில் விளைந்த சீனி

கடையநல்லூரிலிருந்து ராஜபாளையம் சாலையில் வடக்கே போனால், புளியங்குடியைத் தாண்டி வாசுதேவநல்லூரில் சர்க்கரை ஆலை. கிழக்கே கடற்கரைப் பக்கம் இறங்கினால் உடன்குடிக் கருப்பட்டி. கரும்புக்கும் பனைக்கும் நடுவே இருக்கும் ஊர் இது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பும் ஊரும்கூட. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பு 1941-லேயே தொடங்கிவிட்டது. நம்மவர்கள் இன்னும் தள்ளி ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ போனால், அங்கே காபியில் போடும் சீனி பெரும்பாலும் கரும்பில் வந்ததல்ல, பீட் கிழங்கில் வந்தது. “கரும்புச் சீனியைவிட இது உடம்புக்கு நல்லதாமே?” என்ற பேச்சும் அதோடு சேர்ந்து வருகிறது. கரும்பை விட்டுக் கிழங்குக்கு மாறும் யோசனைக்கு வயது இருநூறுக்கு மேல். முதலில் மாறியவர்கள் யாரும் உடம்பை நினைத்து மாறவில்லை என்பதுதான் வேடிக்கை.

கரும்பின் பூர்வீகம் நியூ கினி. அங்கிருந்து கிளம்பி நம் பக்கம் வந்தது எப்போதோ. அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் வித்தையை இந்தியா கண்டுபிடிக்க, சீனப் பேரரசர் தைசோங் 7-ம் நூற்றாண்டில் மகதத்துக்கு ஆள் அனுப்பி அதைக் கற்றுவரச் செய்தார். அரபு வணிகர்கள் மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். கொலம்பஸ் 1493-ல் கரீபியனுக்குக் கொண்டுபோனார். பிறகு அங்கே ஆப்பிரிக்க அடிமைகளின் ரத்தத்தில் கரும்பு வளர்ந்த கதை உலகம் அறிந்தது.

ஐரோப்பாவின் குளிரில் கரும்பு வளராது. 1747-ல் பெர்லினில் ஆந்திரேயாஸ் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர் பீட் கிழங்கைக் காயவைத்துப் பொடித்துச் சாராயத்தில் ஊறவைத்தார். அதில் பிரிந்த படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்தால், அச்சு அசல் கரும்புச் சீனி! கண்டதை எழுதிவைத்தார், வியாபாரமாக அது அரை நூற்றாண்டு சும்மா கிடந்தது. அவருடைய மாணவர் ஆக்கார்ட் பிரஷ்ய அரசரிடம் பணம் வாங்கி, சைலீசியாவில் குனெர்ன் என்ற ஊரில் முதல் ஆலையை வைத்தார். 1802-ல் அது ஓடத் தொடங்கியது. கரும்பு வணிகர்கள், ‘இது தோல்வி என்று அறிவித்துவிடு, பணம் தருகிறோம்’ என்று அவரிடம் பேரம் பேசியதாக ஒரு கதை உண்டு. பணம் வாங்கியிருந்தால் பிழைத்திருப்பார். ஆலை போரில் எரிந்தது. 1821-ல் மனிதர் ஏழையாகச் செத்தார்.

கிழங்குக்கு யோகம் அடித்தது நெப்போலியனால். பிரிட்டனோடு நடந்த வணிகப் போரில் கரீபியன் சீனி வரத்து நின்றது. ஹைட்டியில் அடிமைகள் புரட்சி செய்து வென்று, பிரான்சின் பெரிய கரும்புத் தோட்டத்தையே பறித்துக்கொண்டிருந்தார்கள். 1811-ல் நெப்போலியன், பீட் பயிரிடுங்கள் என்று ஆணை போட்டார். 1812 ஜனவரியில், பாரிஸை ஒட்டிய பாஸியில் பெஞ்சமின் டெலசேர் என்பவர் சீனி எடுத்துக் காட்டியதும், நெப்போலியன் தன் சட்டையில் இருந்த பதக்கத்தையே கழற்றி அவருக்குக் குத்திவிட்டார். மூன்றே ஆண்டில் வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றார். கப்பலில் கரும்புச் சீனி திரும்பி வர, கிழங்கு ஆலைகள் வரிசையாகப் படுத்தன. ஆனாலும் விதை தப்பியது. முதலில் கிழங்கில் ஐந்தாறு சதவீதம்தான் இனிப்பு. தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் இன்று பதினாறைத் தாண்டுகிறது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் உலக உற்பத்தியில் கரும்பையே முந்தியது. நம் ஆட்கள் மொரீஷியஸிலும் நேட்டாலிலும் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்டிய காலம் அது. அவர்கள் வெட்டிய கரும்புக்கு விலை சரிந்ததில் இந்தக் கிழங்குக்கும் பங்குண்டு.

பீட் சீனி இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மானியம் கொடுத்து மலிவாகத் தள்ளிவிட, 1899-ல் வைஸ்ராய் கர்சனின் அரசு அதன்மேல் தனி வரி போட்டது. சில ஆண்டுகளில் சுதேசிக்காரர்கள் வேறு ஆயுதம் எடுத்தார்கள்: அந்நியச் சீனி எலும்புக் கரியில் வெளுத்தது, தொடாதே. இன்று அமெரிக்காவில் சைவப் பிடிப்புள்ளவர்கள் அதே எலும்புக் கரிக்குப் பயந்து பீட்டுக்கு ஓடுகிறார்கள், ஏனென்றால் அங்கே சில கரும்பு ஆலைகள்தான் அதைப் பயன்படுத்துகின்றன. மரபணு மாற்றத்துக்குப் பயந்தவர்களோ பீட்டிலிருந்து கரும்புக்கு ஓடுகிறார்கள். அமெரிக்க பீட்டில் மிகப் பெரும்பகுதி மரபணு மாற்றிய ரகம். ஒரே கடையில் இரண்டு ஓட்டமும் எதிரெதிராக நடக்கிறது.

இந்தியா கிழங்குக்குப் போகாமல் நின்றதற்குக் கோயம்புத்தூர் ஒரு காரணம். 1912-ல் அங்கே அமைந்த கரும்பு இன விருத்தி நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் சாகுபடிக் கரும்பைக் காட்டு நாணலோடு சேர்த்தார்கள். 1918-ல் கோ 205 வயலுக்கு வந்தது. நாணலின் முரட்டுத்தனம் கரும்புக்கு ஏறியதும் வடநாட்டுக் குளிரையும் அது தாங்கியது.

இனி உடம்புக்கு வருவோம். சுத்திகரித்த பிறகு இரண்டும் ஏறக்குறைய முழுக்கச் சுக்ரோஸ். கிராமுக்கு 4 கலோரி. கணையத்துக்கு வித்தியாசம் தெரியாது. கரும்பும் பீட்டும் ஒளிச்சேர்க்கை செய்யும் வழி வேறு என்பதால், கார்பன் அணுக்களை எடைபோடும் கருவிக்கு மட்டும் தெரியும். தேனில் கரும்புச் சீனி கலந்ததைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். இயற்கையானது என்று சொல்வதானால் கரும்புக்காவது வெல்லம் என்ற பாதிவழி வடிவம் உண்டு. சீனி எடுத்த பின் மிஞ்சும் பீட் பாகு வாய்க்கு ருசிக்காது, பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்குத்தான் போகும். பழுப்பு பீட் சீனி என்று விற்பது, பெரும்பாலும் வெள்ளைச் சீனிக்குக் கரும்புப் பாகு பூசியது!

சீனிக்கு நல்ல மாற்று என்று பீட்டைப்போல நம் ஊரில் பேசப்படுவது கருப்பட்டிதான். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அதில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, மணமும் உண்டு. ஆனால் பதனீரில் இருப்பதும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான். போதாததற்குச் சீனி கலந்து காய்ச்சிய போலிக் கருப்பட்டியும் சந்தையில் நடமாடுகிறது. சீனிக்குப் பயந்தவர் பல மடங்கு விலை கொடுத்துச் சீனியையே வாங்கிப் போகிறார். கருப்பட்டி வாங்குங்கள், ருசிக்காக வாங்குங்கள், பனையேறிக்காக வாங்குங்கள். சர்க்கரை நோய்க்கு மாற்று என்று மட்டும் வாங்காதீர்கள்.