பினைல்பைருவிக் அமிலம் – கண்டறியப்பட்ட வரலாறு
பினைல்பைருவிக் அமிலம் என்பது, உணவுப் புரதத்திலுள்ள பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உடலில் உருவாகும் ஒரு வளர்சிதைப்பொருள் ஆகும்.

1934 இல் நார்வே மருத்துவர் அசுபியோர்ன் ஃபோலிங், மனவளர்ச்சி குன்றிய உடன்பிறந்தோர் இருவரின் சிறுநீரில் பெரிக் குளோரைடைச் சேர்த்தபோது அது பச்சை நிறமாக மாறியது. அதற்குக் காரணம் இவ்வமிலமே எனக் கண்டறிந்தார். பினைல்அலனினைத் தைரோசினாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைவுபடுவதால் வரும் இந்நோய் பினைல்கீட்டோனூரியா எனப்படுகிறது. குருதியில் தேங்கும் பினைல்அலனின் மூளையைப் பாதிக்கிறது.

1953 இல் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கெல் குழுவினர், பினைல்அலனின் குறைந்த உணவால் ஒரு குழந்தையிடம் முன்னேற்றம் கண்டனர். ஆயினும் சிறுநீர்ச் சோதனை நோயைக் காட்டுவதற்குள் மூளைப் பாதிப்பு தொடங்கிவிடும். அமெரிக்கரான ராபர்ட் கத்ரி 1963 இல் வெளியிட்ட குதிகால் குருதிச் சோதனை இக்குறையை நீக்கியது. பிறந்த சில நாட்களிலேயே உணவுமுறையைத் தொடங்கினால் பாதிப்பைத் தடுக்கலாம்.