கராஜிலிருந்து கல்லூரி வரை: கல்முனைக் கரையின் யந்திரப் படிப்பு

நெல் வந்து குவியும் நேரத்தில் அரிசி ஆலையின் மோட்டர் எரிந்துவிட்டால், கல்முனைக் கரையில் முதலில் தேடப்படுகிறவர் 'கொயில்' சுற்றும் பாஸ்தான். எரிந்த செம்புக் கம்பியை அவர் உடனே பிடுங்கி எறிவதில்லை. ஒரு சுருளில் எத்தனை சுற்று என்று எண்ணுகிறார். கம்பியின் தடிப்பை அளக்கிறார். எந்தக் காடியில் தொடங்கிய சுருள் எந்தக் காடியில் முடிகிறது என்று ஒரு கடதாசியில் கீறிக்கொள்கிறார். பிறகுதான் காடிகளுக்குள் காப்புத்தாளைச் செருகிப் புதுக் கம்பியை இறக்கி, வார்னிஷ் பூசிக் காயவைக்கிறார். பெயரிங் தேய்ந்திருக்கிறதா என்பதை, தண்டைக் கையால் சுழற்றிக் காதால் கேட்டே சொல்லிவிடுவார்.

மின்சாரமும் பொறியும் ஒன்றாய்ச் சேர்ந்த இந்த வேலைக்குப் படிப்பு என்ற பெயர் வந்தது பிந்தித்தான்.

இந்த மண்ணில் பெரிய யந்திரங்களின் கதை கல்லோயா ஆற்றில் தொடங்குகிறது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்குத் திட்டம்தான் அதற்கு முன்மாதிரி. இங்கினியாகலை அணையை அமெரிக்காவின் மொரிசன்-நட்சன் நிறுவனம் கட்டியது. அணைக்குப் பின்னே சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்தது. அதன் நீர் வயலுக்கும் பாய்ந்தது, சுமார் 11 மெகாவாட் நிலையமொன்றையும் சுழற்றியது. அதே சபையின் காலத்தில்தான் அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் எழுந்தது. இன்று அது இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் கீழ் இயங்குகிறது.

ஆனால் அம்பாறை உள்நாட்டுப் பக்கம். கடற்கரை ஊர்ப் பிள்ளைக்குக் கராஜ் பக்கத்துத் தெருவில் இருந்தது. கல்லூரியோ சம்மாந்துறையையும் கடந்து. யுத்த காலத்தில் பிள்ளையை அந்தப் பாதையில் அனுப்பப் பெற்றோர் அஞ்சியதில் வியப்பில்லை. அதனால் லேண்ட்மாஸ்டர் உழவு யந்திரமும் நீர்ப்பம்பும் ஆலை மோட்டரும்தான் இங்கே பாடப்புத்தகங்களாயின. மருதமுனையில் தறியே பாடப்புத்தகம். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு இறக்குமதித் துணி வந்து கைத்தறியை நெருக்கியது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிவந்தபோது கரையோரத் தறிகளையும் அது விடவில்லை. ஆயினும் அந்த ஊர்ச் சாரத்தின் பெயர் அழியவில்லை.

இதற்கிடையே கல்லூரியும் கரைக்கு வந்தது. 1995 ஒக்டோபரில் அப்போதைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. மறு ஆண்டே அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகி, பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. அங்கே பொறியியல் பீடம் வந்தது 2012இல். 2013இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு சேர்ந்தது. இந்தக் கரைக்கு இது சிறிய மாற்றமல்ல: கணிதத்தில் பின்தங்கினாலும் கைவேலையில் கெட்டிக்காரனான பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு கதவு திறந்தது.

1969இல் ஜப்பானின் யஸ்காவா நிறுவனப் பொறியியலாளர் ஒருவர் மின்சாரமும் பொறியும் சேர்ந்த இந்தக் கலப்புக்கு 'மெக்கட்ரோனிக்ஸ்' என்று பெயர் சூட்டினார். அதன் பொருளை நேரில் காணப் புதிய ஆலையொன்றுக்குள் நுழைந்தால் போதும். அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் யந்திரத்தில் மணிகள் சரிவில் வழிந்து விழுகின்றன. கமரா கறுத்த மணியைக் காண்கிறது. நொடியின் சிறு துளிக்குள் வால்வு திறந்து காற்று அதை அடித்து ஒதுக்குகிறது. இங்கே பழுது கம்பியிலா, காற்றுக்குழாயிலா, கட்டளைப் பலகையிலா என்று காதால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. பழைய பாஸின் திறமையோடு சுற்றுப்படம் வாசிக்கும் படிப்பும் வேண்டும்.

இரண்டையும் இணைக்க வழி இருக்கிறது. தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உண்டு. வகுப்புக்கே போகாமல் வேலையில் பழகியவரும் தம் திறமையைப் பரீட்சகர் முன் செய்துகாட்டி, முன்கற்றல் அங்கீகாரத்தின் வழியே சான்றிதழ் பெறலாம். பதினைந்து வருடமாகக் கொயில் சுற்றுகிற தம்பியோ மச்சானோ வீட்டில் இருந்தால், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் அலுவலகத்துக்கு அவரை ஒருமுறை அழைத்துப் போங்கள்.