நீலச் சாயலும் இளமஞ்சள் கண்ணாடியும்

கண் காண்பதையே காமிராவும் காணும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அஃது உண்மையன்று. அதியன்னூரில் பலாமரத்து நிழலில் எம் பாட்டியார் வெண்புடவை உடுத்து அமர்ந்திருக்க, எம் தந்தையார் எடுத்த வண்ண ஸ்லைடு ஒன்று எம் இல்லத்தில் உள்ளது. அதில் புடவை நீலம் பாய்ந்திருக்கிறது; முகமோ நோயுற்றவர் முகம்போல் வெளிறித் தோன்றுகிறது. இது படமெடுத்தவர் குற்றமன்று. படச்சுருளின் குற்றமும் அன்று.

பகலொளிக்கென அமைந்த படச்சுருள், ஏறத்தாழ 5500 கெல்வின் நிறவெப்பநிலை உடைய ஒளிக்கு ஏற்பச் செய்யப்பட்டது. மரநிழலில் நேர்வெயில் விழுவதில்லை. நீலவானின் ஒளியே விழுகிறது. அதன் அளவு 7000 கெல்வினையும் தாண்டுவதுண்டு. நம் கண்ணும் மூளையும் அந்த நீலத்தைத் தாமே கழித்து, வெண்மையை வெண்மையாகவே நமக்குக் காட்டும். படச்சுருளுக்கு அத்தகைய தயவு இல்லை.

இருப்புப்பாதையில் பணிபுரிவோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. கைகாட்டி மரங்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில், பச்சை காட்டுவதற்கு வைத்த கண்ணாடி நீலம் கலந்ததாகவே இருந்தது. விளக்கின் மஞ்சட் சுடர் அதன் வழியே வருங்கால் பச்சையாகத் தோன்றிற்று. ஒளியின் நிறமறிந்து கண்ணாடியின் நிறத்தைத் தேர்வதே இரண்டிற்கும் பொதுவான நுட்பமாகும்.

புகைப்படத் துறையில் இந்நுட்பத்தை வளர்த்தவர்களுள் இங்கிலாந்தின் பிரெடரிக் ராட்டன் முதன்மையானவர். 1877-இல் அவர் தொடங்கிய நிறுவனத்தில் 1906-இல் கென்னத் மீஸ் என்னும் அறிஞர் சேர்ந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகளும், அவற்றிற்கேற்ற வண்ண பில்டர்களும் அங்கே செய்யப்பட்டன. 1912-இல் ஈஸ்ட்மன் கோடக் அந்நிறுவனத்தை வாங்கியது. ராட்டன் பெயரோ பில்டர்களின் எண்களோடு நிலைத்துவிட்டது.

பின்னர் இசைவாணர் இருவர், மானஸ், கோடாவ்ஸ்கி என்போர், கோடக்கின் ஆராய்ச்சிக்கூடத்தில் உழைத்துக் கோடாக்குரோம் படச்சுருளை உருவாக்கினர். அது 1935-இல் சினிமாவிற்கும் 1936-இல் ஸ்லைடிற்கும் வெளிவந்தது. நெகடிவில் நேர்ந்த நிறப்பிழையை அச்சிடும்போது திருத்தலாம். ஸ்லைடிலோ காமிராவுக்குள் சென்ற சுருளே இறுதிப் படமாகிறது. பின்னர்த் திருத்தும் இடமில்லை. ஆகவே, கருவியின் கதவு திறக்கும் முன்னரே நிறம் சரிசெய்யப்படல் வேண்டும்.

அதற்கென வந்தவையே 81 வரிசை இளமஞ்சள் பில்டர்கள். 81ஏ என்பது 6100 கெல்வின் ஒளியை 5500 அளவிற்குத் தாழ்த்தும். ஒளியில் மூன்றில் ஒரு ஸ்டாப் மட்டுமே குறையும். 81பி, 81சி ஆகியவை படிப்படியாக மிகுந்த மஞ்சள் கொண்டவை. அடர்நிழலுக்கு அவையே வேண்டும். ஆயின் மாலை வெயிலில் இவற்றைப் பொருத்தினால், ஏற்கெனவே சிவந்த ஒளி மேலும் சிவந்துவிடும். அங்கு வேண்டுவது இளநீல 82 வரிசையே. மருந்தும் நோயறிந்து தரப்பட வேண்டுமன்றோ!

கோடாக்குரோம் உற்பத்தியை 2009-இல் கோடக் நிறுத்தியது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் ஊரிலிருந்த கடைசிக் கூடம், 2010 டிசம்பர் 30 வரையே சுருள்களை ஏற்றது. இன்றைய காமிராக்கள் வெண்மையைத் தாமே கணித்துக்கொள்கின்றன. பில்டரின் வேலையைக் கணினி செய்கிறது.

எனினும் நம் குடும்பங்களின் பெட்டிகளில் பழைய ஸ்லைடுகள் இன்னும் உறங்குகின்றன. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளின் மழைக்கால ஈரத்தில் அவை பூஞ்சணம் பிடிக்கும். சிலவற்றின் சாயமும் மங்கும். நீலம் பாய்ந்தது என்று அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஈரமில்லா இருளில் காத்து, ஸ்கேன் செய்து, அந்தப் படியில் மட்டும் நிறத்தைத் திருத்துங்கள், மூலத்தைத் தொடவேண்டா.

எம் பாட்டியாரின் படத்தையும் நாம் அவ்வாறே செய்தோம். சிறிது மஞ்சள் கூட்டியதும் புடவை வெளுத்தது. முகத்தில் குருதியோட்டம் திரும்பிற்று. அவரை நேரிற் கண்டிராத எம் மக்கள், அன்றுதான் அவர் நிறம் இன்னதென்று அறிந்தனர்.