துண்டிலிருந்து நோர்ம் வரை: சப்ரகமுவத் தோட்டங்களில் நிபந்தனை வாக்கியம்

ஹியூ டிங்கர் 1974இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ஒரு தீர்ப்பு: கடல் கடந்த இந்தியத் தொழிலாளர் நிலை அடிமைமுறையின் புதுவடிவம். தொடர் அவருடையதன்று. பிரிட்டிஷ் கயானாவுக்கு ஆள் அனுப்புவது பற்றி 1840இல் ஜான் ரஸல் பிரபு எழுதியது. பல்லாண்டு ஒப்பந்தத்தில் கப்பலேறியவர்களுக்குப் பொருந்திய அந்தத் தொடரை, மாத ஒப்பந்தத்தில் வேலை செய்த இலங்கைத் தோட்டங்கள் மீதும் டிங்கர் போர்த்திவிட்டார். சின்னத்துரைமார், அதாவது தோட்ட உதவி அதிகாரிகள், தமிழ் படிக்க ஃபெர்குசன் வெளியிட்ட கையேட்டின் பெயர் ‘இங்கே வா!’ என்பது டிங்கர் பக்கம் பேசுகிற சான்றுதான். மலையில் ஏவல் ஒலித்தது, பிரம்பும் இருந்தது. ஆனால் பிரம்பு வேலைக்காட்டோடு நின்றுவிடும். ஆளைத் தோட்டத்தோடு கட்டி வைத்தது ‘இன்னது நடந்தால் இன்னது’ என்னும் ஆங்கில வாக்கியம். டிங்கரின் சொல் இந்த இயக்கத்தை மறைக்கிறது என்பதே என் மறுப்பு.

துண்டை எடுத்துக்கொள்வோம். கடன் நிலுவையான குறிப்பிட்ட தொகை கிடைத்ததும், ஆள் திரட்டிய இன்ன கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுத்த சிறு காகிதம் அது. இதில் ‘இஃப்’ (if) பெரும்பாலும் வராது. பணம் கட்டுதல் என்ற பெயர்ச்சொல்லே நிபந்தனையைச் சுமக்கும். அதனால் கட்டுபவர் யார் என்று எழுத வேண்டியதில்லை. அடுத்த தோட்டத்துத் துரை கட்டலாம். அந்தத் தொகை மறுபடியும் அதே ஆட்களின் கடனாக ஏறும். கங்காணி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடுதல் முற்பணம் தரும் தோட்டத்தைத் தேடிப் போனார். கடன் யாருடையதோ, அவர் இந்த வாக்கியத்தில் எதையும் செய்பவராக வரவில்லை. ‘ஆட்கள்’ என்ற எண்ணிக்கையாக மட்டுமே நிற்கிறார்.

தோட்டத் தொழிலாளர் பற்றிய 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தில் நிபந்தனை எதிர்மறையானது: இரு தரப்பில் ஒருவர் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் மாதாமாதம் புதுப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். காகிதத்தில் இருவருக்கும் சமம். கடன் நிலுவையில் உள்ளவர் அந்த அறிவித்தலைக் கொடுத்துவிட்டு எங்கே போவார் என்பது வேறு விஷயம்.

துண்டு காப்பிக் காலத்தின் கடைசியில் தோன்றியதா, தேயிலையோடு வந்ததா என்பது தீரவில்லை. சப்ரகமுவவைப் பொறுத்தவரை என் ஊகம் இது: 1910ஐ ஒட்டிய றப்பர் விலையேற்றத்தில் யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, இரத்தினபுரிப் பக்கங்களில் புதுத் தோட்டங்கள் ஆள் தேடி அலைந்தபோதுதான் துண்டு இங்கே கைமாறும் சரக்காயிற்று. நேரடிச் சான்று மெலிவு. ஆனாலும் விலையேறிய பயிர், ஆள் பற்றாக்குறை, பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் தொகை ஏறாமல் இருந்திருக்கும் என்று வாதிடுவதுதான் கடினம்.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. நிபந்தனை ஒழியவில்லை, கூலிக்குள் குடியேறியது. இப்போது தமிழின் ‘ஆல்’ விகுதி கொண்ட நிபந்தனை வாக்கியத்தின் எழுவாய் தொழிலாளியே. ‘நோர்ம் எடுத்தா ஒரு பேரு, எடுக்காட்டி அரைப்பேரு’ என்பது கொழுந்து மலையில் தினமும் கேட்கிற பேச்சு; நோர்ம் என்பது ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு, பேர் என்பது ஒரு நாள் கூலிக்கான பதிவு. 2016 கூட்டு ஒப்பந்தத்தின் 730 ரூபாய் நாட்கூலியில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. வேலை நாட்களில் 75 சதவீதம் வந்தால் நாளுக்கு 60, நோர்ம் எடுத்தால் 140, விலைப் பங்கு 30. 2019இல் வருகைப்படியும் உற்பத்திப்படியும் நீங்கின. 700 அடிப்படை, 50 விலைப் பங்கு என்றானது. பிந்திய சம்பளப் பேச்சுகளில் உற்பத்திப்படி மறுபடி தலைகாட்டியிருக்கிறது.

இதையும் அடிமைமுறை என்றே டிங்கர் வழியில் ஒருவர் சொல்லலாம். அப்படிச் சொன்னால், துண்டில் செயலற்று நின்றவர் நோர்ம் வாக்கியத்தில் எழுவாயாகி, தவறினால் பழியும் தன் தலையில் ஏற நிற்கிற மாற்றத்தை எந்தப் பெயரால் குறிப்பது என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அரைப்பேர் 1921க்கு முன்பே தோட்டத்தின் பெயர்ப்பதிவேடான செக்ரோலில் இடம்பிடித்திருந்தால் நான் வரைந்த இந்த வரிசையும் சற்றுக் கலையும்.