கியர் பாக்ஸுக்குள் ஒரு திமிங்கலம்

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் கிரீஸ் வாசனையோட இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஒரு ஆட்டோமேட்டிக் கார் சரியா கியர் மாற மாட்டேங்குதுன்னு வெச்சுக்குவோம். ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போகும்போது இன்ஜின் ஒரு நொடி சும்மா கத்துது, அப்புறம்தான் கியர் பிடிக்குது. இல்லன்னா, லீவரை 'டி'ல போட்டு ரெண்டு செகண்ட் ஒண்ணுமே நடக்காம, திடீர்னு ஒரு இடி இடிச்சுக் கிளம்புது. இல்லன்னா 70, 80 கிலோமீட்டர் வேகத்துல நிம்மதியா போய்ட்டிருக்கும்போது வண்டி நடுங்குது. டோல்கேட் வரப்போகுதுன்னு ரோட்ல வரிசையா பட்டை போட்டிருப்பாங்களே, அது மேல ஏறின மாதிரி. ஆனா ரோடு வழவழன்னு இருக்கு.

நல்ல டிரான்ஸ்மிஷன் மெக்கானிக் இதுல முதல்ல கியரைப் பார்க்க மாட்டார். எண்ணெயைத்தான் பார்ப்பார். கலர் என்ன, வாசனை என்ன, அளவு சரியா இருக்கா. செக்கச்செவேல்னு தெளிவா இருந்தா சரி. பழுப்பா, தீஞ்ச வாசனையோட இருந்தா கிளட்ச் பிளேட் எரிஞ்சிருக்கு. ரோஸ்மில்க் மாதிரி இருந்தா உள்ளே தண்ணி புகுந்திருக்கு. அதுக்கப்புறம்தான் பிரஷர் கேஜ், ஸ்கேனர், கடைசியா ஸ்பேனர். இந்த வரிசை சும்மா வரலை. இதுக்குப் பின்னாடி பல பத்து வருஷ வரலாறு இருக்கு. அந்த வரலாற்றுக்கு நடுவுல ஒரு திமிங்கலம் இருக்கு.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர்ல ஆட்டோமேட்டிக்னா பலருக்கு ஞாபகம் வர்றது 2014ல செலெரியோவோட வந்த ஏஎம்டி. அது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்கிற வேலையை மட்டும் மெஷின் செய்யுது. நான் பேசப்போறது டார்க் கன்வெர்ட்டர் வகை. அதோட தாத்தா ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக். 1939 கடைசியில, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்கள்ல வந்தது. கூடுதலா 57 டாலர் கொடுத்தா கிளட்ச் பெடலே இல்லாத கார். கொஞ்ச நாள்லயே போர் வந்துச்சு, ஹைட்ராமேட்டிக் ஸ்டூவர்ட் டாங்கிக்குள்ளயும் போச்சு. அது தனி எபிசோட்.

இதுல ஒரு எலக்ட்ரானிக்ஸும் கிடையாது. வண்டி எவ்வளவு வேகத்துல போகுது, டிரைவர் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்துறார், இந்த ரெண்டும் எண்ணெய் அழுத்தமா மாறி, சின்னச் சின்ன வால்வுகளை எதிரெதிரா தள்ளும். எந்தப் பக்கம் ஜெயிக்குதோ அதை வெச்சு கியர் மாறும். எண்ணெயால ஓடுற கம்ப்யூட்டர்னே சொல்லலாம். சிக்னலும் அதே எண்ணெய், பவரும் அதே எண்ணெய். கூலிங்கும் லூப்ரிகேஷனும் அதுதான். இதெல்லாம் போதாதுன்னு அஞ்சாவதா ஒரு வேலையும் அதுக்கு உண்டு. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம்: உராய்வைக் கட்டுப்படுத்தறது.

உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் எண்ணெய்ல முங்கியபடியே ஒண்ணையொண்ணு பிடிக்கணும். ரொம்ப வழுக்கினா கியர் பிடிக்காது, பிளேட் எரியும். ரொம்பப் பிடிச்சா ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் உதை விழும். பிடிக்கிறது, வழுக்கறது, மறுபடி பிடிக்கிறதுன்னு மாறி மாறி நடந்தா, அந்த டோல்கேட் நடுக்கம் வரும். ஸ்டீல் பீரோவைத் தரையில இழுக்கும்போது 'கிர்ர்'னு விட்டு விட்டு வருமே, அதே பௌதிகம்தான். அதனால வேகமா சுழலும்போது நல்லா பிடிச்சு, பிடிப்பு முடியப்போற அந்தக் கடைசி நொடியில மெதுவா வழுக்கி உட்கார வைக்கிற ஒரு சேர்மானம் எண்ணெய்ல வேணும்.

1967ல ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த டெக்ஸ்ரான் எண்ணெய்ல அந்த வேலையைச் செஞ்சது ஸ்பெர்ம் திமிங்கலத்தோட எண்ணெய். தூத்துக்குடிப் பக்கம் அம்பர்கிரிஸ் கடத்தினவங்க கைதுன்னு அடிக்கடி செய்தி வருமே, அந்த அம்பர்கிரிஸ் உருவாகறதும் இதே திமிங்கலத்தோட வயித்துக்குள்ளதான். அதோட பிரம்மாண்டமான தலைக்குள்ள இருக்கிற எண்ணெய் வேதியியல்படி வழக்கமான கொழுப்பே கிடையாது, திரவ மெழுகு. சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும். உலோகத்து மேல மெல்லிய படலமா ஒட்டிக்கும். குளிர்லயும் சீக்கிரம் உறையாது. விளக்கெரிக்க திமிங்கல எண்ணெய் தேடின காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டோட முடிஞ்சுபோச்சுன்னு நாம நினைக்கிறோம். ஆனா ஸ்பெர்ம் திமிங்கல வேட்டை உச்சத்தைத் தொட்டது 1964ல. அந்த ஒரே வருஷத்துல உலகம் முழுக்க சுமார் 29,000 திமிங்கலங்களைக் கொன்னாங்க. மிஷின்களுக்கும் தோல் பதனிடவும் அந்த எண்ணெய் போச்சு. அதுல ஒரு பங்கு அமெரிக்கக் கார்களோட கியர் பாக்ஸுக்குப் போச்சு.

1970ல அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழிஞ்சுபோகக்கூடிய உயிரினங்கள் பட்டியல்ல சேர்த்தது. எண்ணெய் இறக்குமதி நின்னது. 1972, 1973ல வந்த சட்டங்கள் அந்தக் கதவை இன்னும் இறுக்கமா மூடிடுச்சு. எண்ணெய்க் கம்பெனிகள் மாற்றுப் பொருள் தேடி ஓடினாங்க. பாலைவனத்துல வளர்ற ஹொஹோபா செடியோட விதையில கிட்டத்தட்ட இதே திரவ மெழுகு இருக்குன்னு கண்டுபிடிச்சதால, அந்தச் செடிக்குத் திடீர் மவுசு. இன்னைக்கு அது ஷாம்பு பாட்டில்ல ஜொஜோபான்னு இருக்கு.

திமிங்கலம் இல்லாத டெக்ஸ்ரான்-II 1973ல வந்தது. பின்னாடியே பிரச்சினையும் வந்தது. எழுபதுகளின் நடுவுல அமெரிக்க டிரான்ஸ்மிஷன் ஒர்க்‌ஷாப்கள்ல, எரிஞ்ச பிளேட்டோட வந்த வண்டிகளைப் பார்த்துப் பலர் கை காட்டினது திமிங்கலத் தடையைத்தான். 'திமிங்கலத்தைக் காப்பாத்தப் போய் நம்ம கியர் பாக்ஸ் போச்சு' அப்படிங்கிற கதை இன்னைக்கும் அந்தத் தொழில்ல சுத்துது.

கேட்க நல்லா இருக்கு. ஆனா நான் இதை அப்படியே ஏத்துக்க மாட்டேன். சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லா புரியும்: ஒரே ரிலீஸ்ல மூணு மாற்றத்தைச் சேர்த்து அனுப்பிட்டு, சிஸ்டம் விழுந்ததும் தனக்குப் பிடிக்காத ஒரு மாற்றத்து மேல பழி போடுவாங்களே, அதே கதை.

அந்தச் சில வருஷங்கள்ல வேற என்னெல்லாம் மாறிச்சுன்னு பாருங்க. புகைக் கட்டுப்பாட்டு விதிகளால இன்ஜின்கள் முன்னைவிடச் சூடா ஓட ஆரம்பிச்சது. ஏடிஎஃப் எண்ணெய்க்கு முதல் எதிரி சூடுதான். அடுத்தது, 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு காரோட எடையைக் குறைக்கணும்னு ஒரு ஓட்டம். 1976 மாடல்கள்ல ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 200 அந்த ஓட்டத்தோட குழந்தை. லேசான டிரான்ஸ்மிஷன், அதைப் பெரிய கார்கள்லயும் மாட்டினாங்க. புகார்கள் குவிஞ்சு, அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் வரைக்கும் போச்சு. 1983ல வந்த உடன்பாட்டுல, பாதிக்கப்பட்டவங்க மத்தியஸ்தர்கிட்ட போய் இழப்பீடு கேட்கலாம்னு ஆச்சு. இந்த டிரான்ஸ்மிஷனும் அந்தப் பட்டியல்ல இருந்தது. அங்கே குற்றவாளி திமிங்கலம் இல்லையே.

இன்னொரு சாட்சியும் இருக்கு. அதே காலத்துல ஃபோர்டு கார்களுக்கு டைப் எஃப்னு தனி எண்ணெய். அதுல இந்த வழுக்கல் சேர்மானமே கிடையாது. கியர் மாற்றம் கொஞ்சம் முரட்டுத்தனமா, பட்டுனு பிடிக்கும். அதுக்கேத்த மாதிரி கிளட்சை டிசைன் பண்ணினாங்க, அவ்வளவுதான். ரேஸ் பிரியர்கள் அந்தப் 'பட்டு'க்காகவே டைப் எஃப் எண்ணெயை வேற கார்கள்லயும் ஊத்தினாங்க. ஆக, கியர் பாக்ஸ் ஓடறதுக்குத் திமிங்கலம் தேவைப்படலை. கியர் மாறினதே தெரியாத அந்தச் சொகுசுக்குத்தான் தேவைப்பட்டது. என்னைக் கேட்டா, இந்த வரலாற்றுல ரொம்ப உறுத்தற விஷயம் இதுதான்.

சரி, புது எண்ணெய்ல குறையே இல்லையான்னா, இருந்தது. ஆனா அது உராய்வுல இல்ல. முதல்ல வந்த டெக்ஸ்ரான்-II சி வகை, எண்ணெய் குளிரூட்டியோட உலோகத்தை அரிச்சது. அந்தக் குளிரூட்டி ரேடியேட்டருக்குள்ளயே உட்கார்ந்திருக்கும். அதுல ஓட்டை விழுந்தா கூலன்ட் நேரா டிரான்ஸ்மிஷனுக்குள்ள போகும். கிளட்ச் பிளேட்ல காகித மாதிரி ஒரு உராய்வுப் படலம் பசை வெச்சு ஒட்டியிருக்கும். தண்ணியும் கூலன்ட்டும் அந்தப் பசையையே கிளப்பி விட்டுடும். முதல்ல சொன்ன ரோஸ்மில்க் கேஸ் இதுதான். அரிப்பைத் தடுக்க ஒரு சேர்மானம் போட்டு 1975 வாக்குல டி வகை வந்தது. அந்தச் சேர்மானத்துக்கு ஒரு கெட்ட பழக்கம்: ஈரத்தை உறிஞ்சும். அதைச் சரி பண்ணி ஈ வகை வர்றதுக்கு 1990 ஆயிடுச்சு.

ஒரு பேட்ச் போட்டா இன்னொரு பக்! இந்த ஈரப் பிரச்சினையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இடையில இன்னொரு மாற்றம். டார்க் கன்வெர்ட்டர்ல கொஞ்சம் சக்தி எப்பவும் வீணாகும். அதைத் தவிர்க்க, ஹைவே வேகத்துல இன்ஜினையும் கியர் பாக்ஸையும் நேரா பூட்டிவிடற லாக்-அப் கிளட்ச். பேக்கார்டு 1949லயே வெச்சிருந்தாங்க, ஆனா பரவலானது கிரைஸ்லர் 1978லயும் ஜெனரல் மோட்டார்ஸ் 1980லயும் கொண்டுவந்த பிறகுதான். பிற்காலத்துல அந்தக் கிளட்சை முழுசா பூட்டாம, லேசா வழுக்கிக்கிட்டே இருக்க விட்டாங்க. மைலேஜும் கிடைக்கும், அதிர்வும் தெரியாது. ஆனா இப்போ எண்ணெயோட உராய்வு குணம் மணிக்கணக்கா, ஒரு நொடிகூட பிசகாம இருக்கணும்.

2015 மாடல் வருஷத்துல ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு கியர் டிரான்ஸ்மிஷன், 8எல்90, டிரக்குகள்லயும் கார்வெட்லயும் வந்தது. கொஞ்ச நாள்லயே புகார்: சீரான வேகத்துல வண்டி நடுங்குது. இன்ஜின் மிஸ்ஃபயரும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க மெக்கானிக்குங்க கையில ஒரு பழைய வித்தை உண்டு. நடுக்கம் வரும்போது ஆக்ஸிலரேட்டரை விடாம, பிரேக்கை இடது காலால லேசா தொடறது. பிரேக் ஸ்விட்ச் பட்டதும் லாக்-அப் கிளட்ச் விடுபட்டுடும். நடுக்கமும் அந்த நொடியே நின்னா, தப்பு இன்ஜின்ல இல்ல, லாக்-அப்ல. இதை வீட்ல யாரும் ட்ரை பண்ண வேண்டாம், ஆளில்லாத ரோட்ல மெக்கானிக் பண்ற வேலை.

சில வண்டிகளுக்கு எண்ணெய் மாத்தினாங்க, சிலதுக்கு டார்க் கன்வெர்ட்டரையே மாத்தினாங்க. பல பேருக்கு நடுக்கம் திரும்பி வந்தது. கடைசியில 2019 தொடக்கத்துல கம்பெனி சர்வீஸ் சென்டர்களுக்குச் சொன்ன தீர்வு, எண்ணெயோட வகையையே மாத்தறது. ஏற்கெனவே இருந்தது காத்துலேர்ந்து ஈரத்தை உறிஞ்சி, உராய்வு குணத்தை இழந்துட்டிருந்தது. டிரான்ஸ்மிஷனுக்கும் மூச்சு உண்டு: சூடாகும்போது காத்தை வெளிய விடும், ஆறும்போது உள்ள இழுக்கும். கூடவே ஈரமும் வரும். அதுக்குப் பதிலா மொபில் 1 எல்வி ஏடிஎஃப் ஹெச்பி. சும்மா ட்ரெயின் பண்ணி ஊத்தினா போதாது, ஏன்னா கன்வெர்ட்டருக்குள்ள நிறைய பழைய எண்ணெய் தங்கிடும். மெஷின் வெச்சு முழுசா ஃபிளஷ் பண்ணணும்.

இதுக்குள்ள வண்டிக்காரங்க கோர்ட்டுக்குப் போய்ட்டாங்க. மிச்சிகன்ல நடந்த அந்த வழக்குல கார்காரங்க எண்ணிக்கை லட்சக்கணக்குல. வாரன்ட்டி முடிஞ்ச வண்டிக்கு அந்த ஃபிளஷ் காசை யார் கொடுக்கறதுங்கிறது பல குடும்பத்துக்கு நிஜமான கேள்வி.

உங்க கார் மேனுவல்ல ஆட்டோமேட்டிக் எண்ணெய்க்கு நேரா 'வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை'ன்னு போட்டிருக்கலாம். யாரோட வாழ்நாள்னு ஒருதடவை சர்வீஸ் அட்வைஸர்கிட்ட கேட்டுப் பாருங்க. பல புது வண்டிகள்ல பார்க்கறதுக்கு டிப்ஸ்டிக்கே கிடையாது, அடியில ஒரு போல்ட்டைக் கழட்டித்தான் அளவு பார்க்கணும். கழட்டினா, அந்தக் கலரை நீங்களும் குனிஞ்சு ஒரு தடவை பார்த்துக்கோங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.